முதலில் விழுந்த அடி எது?

போன கிழமையும் ஒருவர் என் கைபேசிக்கு ஏழெட்டுப் படங்கள் அனுப்பியிருந்தார். பழைய கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவிட்டாராம். எப்போதோ அடிபட்ட கார், யாரோ சரிக்கட்டிப் புது பெயின்ற் மை அடித்து விற்றிருக்கிறார்கள். "பாஸ், பாத்துட்டுச் சொல்லுங்க, வெட்டி மாத்துறதா, இழுத்து எடுக்கிறதா?" என்று கீழே ஒரு வரி. அதற்கும் கீழே இரண்டு சோடி கும்பிடும் கைகள்.

கும்பிட்டால் மட்டும் படத்தில் அடி தெரிந்துவிடுமா? காய்ச்சல்காரனின் போட்டோவைப் பார்த்து எந்த வைத்தியர் மருந்து கொடுக்கிறார்? காரைக் கொண்டு வாருங்கள் என்று பதில் போட்டேன். தூரம் என்றார். அப்படியென்றால் உங்கள் ஊரில் கை உள்ள ஒருவரைப் பிடியுங்கள் என்றேன். மனிதர் கோபித்துக்கொண்டார் போலிருக்கிறது, பிறகு சத்தமில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி நல்ல கேள்வி. வெட்டுவதா, இழுப்பதா, அப்படியே விடுவதா? பழைய அடிபட்ட கார் எது வந்தாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் செய்ய வேண்டும். எதைச் செய்வது என்று முடிவெடுக்க ஒரு விடயம் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பில் டிங்கர் வேலை செய்தவன். அடிபட்ட வாகனத்தின் தகரத்தைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருகிற வேலை. எங்கள் பக்கம் கைவேலைக்காரர் எல்லாருமே பாஸ்தான். தச்சனும் பாஸ், மேசனும் பாஸ். என்னைக் குணம் பாஸ் என்பார்கள். தோள்மூட்டுப் பழுதாகி இப்போது வேலையை விட்டாயிற்று. வேலை படித்தது அல்பர்ட் பாஸ் என்ற பறங்கி மனிதரின் கராஜில், கல்லடியில். முதல் இரண்டு வருடமும் பழைய மை சுரண்டினேன், அரம் பிடித்தேன், ஏச்சு வாங்கினேன். அதில் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஏச்சு வாங்காமல் யார்தான் தொழில் பழகினார்கள்?

அல்பர்ட் பாஸைப் பற்றி மட்டும் சொல்ல வேண்டும். டிங்கர் வேலைக்கு மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வருகிற ஒரே மனிதர் அவர்தான். பகல் முழுக்க விசிலடித்துக்கொண்டே இருப்பார். அடிபட்ட வாகனம் ஒன்று வாசலுக்கு வந்தால் விசில் நின்றுவிடும். வாகனக்காரர் கையை ஆட்டி ஆட்டிக் கதை சொல்லத் தொடங்குவார். பாஸ் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு, "இரிங்க, தேத்தண்ணி குடிங்க, கதையைப் பிறகு கேப்பம்" என்பார். சில பேர் இதை மரியாதைக் குறைவு என்று முகம் சுழிப்பார்கள். அவர் அசைய மாட்டார். பழைய பெனியன் துணி ஒன்றை இடது கையில் சுற்றிக்கொண்டு, கண்ணை மூடி, தகரத்தைத் தடவிக்கொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றுவார். வெறுங்கையை விட மெல்லிய துணிக்குள் இருக்கிற கைக்கு மேடுபள்ளம் நன்றாகத் தெரியும். சந்தேகமிருந்தால் உங்கள் வீட்டு வாகனத்தில் தடவிப் பாருங்கள்.

சுற்றி முடித்த பிறகு சோக்குக் கட்டியை எடுப்பார். எந்தப் பக்கத்திலிருந்து அடி வந்ததோ அந்தப் பக்கத்திலிருந்து தகரத்தை நோக்கி ஒரு அம்பு போடுவார். இரண்டு அடியென்றால் இரண்டு அம்பு. பிறகு அம்புக்குப் பக்கத்தில் இலக்கம் எழுதுவார்: ஒன்று, இரண்டு, மூன்று. முதலில் விழுந்த அடி ஒன்று, அடுத்தது இரண்டு. இந்த இலக்கம் விழும்வரை கராஜில் எவனும் சுத்தியலைத் தொடக்கூடாது. தொட்டால் அன்றைக்குத் தொலைந்தான்.

எதற்கு இலக்கம்? அடி எடுக்கிறபோது தலைகீழாக எடுக்க வேண்டும். கடைசியாக விழுந்த அடியை முதலில் இழுக்க வேண்டும், முதலில் விழுந்ததைக் கடைசியில். சட்டைக்கு மேல் கோட்டுப் போட்டவன் கோட்டைத்தானே முதலில் கழற்ற வேண்டும் என்பது அவருடைய விளக்கம். ஒருமுறை எங்களில் மூத்தவன் ஒருவன், பெரிய கெட்டிக்காரன், ஒரு வான் வண்டியில் இந்த ஒழுங்கை மாற்றி இழுத்தான். முன் கண்ணாடி வெடித்தது. கதவு அன்றைக்கு மூட மறுத்தது, விற்கிற நாள்வரைக்கும் சரியாக மூடவில்லை. பாஸ் ஒரு வார்த்தை ஏசவில்லை. விசிலடித்தபடி அம்புகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போனார். அவர் ஏசியிருந்தால் நன்றாயிருந்திருக்கும் என்று அவன் பல காலம் சொல்லித் திரிந்தான்.

கதையை ஏன் முதலில் கேட்பதில்லை என்று நான் ஒருநாள் கேட்டேன். "ஆக்கள் பயந்த நேரத்தில கண்டதைச் சொல்லுவாங்க, மகன். தகரத்துக்குப் பயமில்ல" என்றார். அப்போது சும்மா தலையாட்டினேன். அவர் அவுஸ்திரேலியாவில் மகளோடு போய் இருந்து, அங்கேயே மண்ணுக்குப் போன பிறகுதான் எனக்கு அது முழுதாக விளங்கியது.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் அது. ஓட்டமே இல்லாதபோது அடிபட வாகனம் ஏது? என் வீட்டு வளவில் இருந்த கராஜ் வெறிச்சோடிக் கிடந்தது. ஒரு காலை ஏறாவூரிலிருந்து ட்ரக்டர் ஒன்று ஒரு காரைக் கட்டியிழுத்துக்கொண்டு வந்தது. ஏ ஃபோட்டி. எங்கள் அப்பாமாரின் காலத்தில் வாடகைக் காராக ஓடிய, முட்டை போல உருண்ட இங்கிலாந்துக் கார். கறுப்பு மை, அதன்மேல் நாற்பது வருடத் தூசு. சத்தியமாகச் சொல்கிறேன், பெண் பார்க்கப் போன நாளில்கூட எனக்கு நெஞ்சு அப்படி அடித்ததில்லை.

கூட வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மீராசாகிபு ஹாஜியார், ஏறாவூரில் சாரன், துணிமணி வியாபாரம் செய்தவர், எழுபத்தைந்து தாண்டிய மெலிந்த மனிதர். மற்றவர் அவருடைய மகன் நௌசாத், கத்தாரில் உழைத்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். காரைப் புதுப்பித்துப் பாசிக்குடா ஹோட்டல்களில் கலியாணச் சோடிகளை ஏற்ற வேண்டுமென்பது நௌசாத்தின் யோசனை. கார் ஹாஜியாருடையது. தகப்பன் முகத்தில் விருப்பமும் இல்லை, மறுப்பும் இல்லை.

நான் கதிரை போட்டேன். தேத்தண்ணிக்கும் சொன்னேன். ஆனால் அல்பர்ட் பாஸைப் போல வாயை மூடச் சொல்ல என்னால் ஏலவில்லை. வயதான மனிதர், அதுவும் ஹஜ்ஜுக்குப் போய் வந்தவர். அவர் கதையைச் சொல்லி முடித்தார், நானும் கேட்டு முடித்தேன்.

எழுபத்தெட்டில் எங்கள் ஊரைப் புரட்டிய சூறாவளிக்கு இரண்டொரு வருடம் பிந்தி நடந்தது. ஹாஜியாரும், தங்கை சுபைதாவின் கணவர் கலீலும் பதுளை வீதியில் மேற்கே போய்த் துணி விற்றுவிட்டு, விடியற்காலையில் செங்கலடிப் பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஹாஜியார் ஓட்டினார். கலீல் துணிமூட்டைகளோடு பின் சீற்றில் இருந்தார். வழியில் ரோட்டோர மதகு ஒன்றின் கல்லில் காரின் முன் இடப்பக்கம் மோதியது. பின்னால் வந்த நெல் லொறி காரின் பின் வலப்பக்கத்தில் இடித்தது. கலீல் ஆஸ்பத்திரியில் மவுத்தாகிவிட்டார். ஹாஜியாருக்கு அந்த விடியற்காலையில் ஒன்றுமே ஞாபகமில்லை. கண் விழித்தபோது கட்டிலில் கிடந்தார், நடந்ததை மற்றவர்கள் சொன்னார்கள். மற்றவர்களுக்குச் சொன்னவன் லொறிக்காரன். கார் தன்பாட்டில் விலகிப் போய் மதகில் அடித்து நின்றதாம், அவனுக்குப் பிறேக் பிடிக்க நேரமிருக்கவில்லையாம். முதல் நாள் இரவும் கண் விழித்த மனிதர், ஸ்டியரிங்கில் தூங்கிவிட்டார் என்று ஊர் முடிவு கட்டியது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஹாஜியாரும் அதையே நம்பினார். அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. அவருடைய வாப்பா யாரையோ பிடித்து அவசரமாகக் காரைத் தட்டி, ஈயம் ஊற்றி மூடி, மை அடித்துக் கொட்டிலில் தள்ளிவிட்டார்.

அவர் சொல்லச் சொல்ல என் மூளை இலக்கத்தை எழுதிவிட்டது. முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. பிறகு நான் சோக்கால் எழுதியதும் அதுதான். அம்பு போடுமுன்னே கதை கேட்டவன் எழுதுகிற இலக்கம் அப்படித்தான் இருக்கும்.

நௌசாத் ஏற்கெனவே முடிவோடு வந்திருந்தார். குருநாகல் பக்கம் இதே சாதிக் கார் ஒன்று உதிரிப்பாகத்துக்குக் கிடக்கிறது, அதன் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வெட்டி வந்து இதில் ஒட்டினால் சரி. கைபேசியில் வெள்ளைக்காரன் ஒருவன் அப்படி ஒட்டுவதையும் காட்டினார். வெள்ளைக்காரன் நன்றாகத்தான் ஒட்டினான். தகரம் செத்துப்போயிருந்தால், அதாவது துருவேறிப் பிய்ந்தோ பல தடவை சுட்டு அடித்து மெலிந்தோ இருந்தால், நானும் வெட்டத்தான் சொல்வேன். ஆனால் காரைத் தாங்கி அடியிலிருக்கிற இரும்புச் சட்டம், செசி, கோணலாக இருந்தால் புதுத் தகரத்தை எதில் கொண்டுபோய் ஒட்டுவது? பொத்தானை மாறிப் பூட்டிய சட்டைக்கு மேலே புதுச் சால்வை போட்டால் கோணல் போய்விடுமா? முதலில் திறந்து பார்ப்போம் என்றேன். இவருக்கு வயதாகிவிட்டது, இழுத்தடிக்கிறார் என்று நினைத்திருப்பார். வாயால் சொல்லவில்லை.

மையைச் சுரண்டி, நெருப்புப் பிடித்து ஈயத்தை உருக்கினேன். அம்மாடி, எவ்வளவு ஈயம்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருந்தார்கள். மதகுக் கல் பட்ட பள்ளம் முன்னால் உள்ளங்கை ஆழத்துக்குக் கிடந்தது. பின்னால் டிக்கி மூலை மடிந்து கிடந்தது. தகரம் ஆனால் நல்ல தடிப்பு, உயிருள்ள தகரம். வெட்டத் தேவையில்லை என்று அப்போதே மனதுக்குள் சந்தோசப்பட்டேன்.

அடுத்தது அளவு. காரைச் சமதரையில் நிறுத்தி, செசியின் துளைகளிலிருந்து தூக்குக்குண்டு விட்டு, குண்டின் நுனி தொடுகிற இடங்களில் தரையில் சோக்கால் புள்ளி வைக்க வேண்டும். பிறகு காரைத் தள்ளிவிட்டால் செசியின் உருவம் தரையில் புள்ளிகளாகக் கிடக்கும். அந்தப் புள்ளிகளுக்குக் குறுக்காக, மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு நூலும் ஒரே நீளமாக இருந்தால் நடுச் செசி நேர். ஒன்று குறைந்தால் அந்த மூலைப் பக்கம் நசிந்திருக்கிறது.

இரண்டு நூலும் ஒரே நீளம். நௌசாத் கையைத் தட்டி, நல்லதுதானே என்றார். நல்லதுதான். ஆனால் கணக்கு ஒத்துவரவில்லை. மதகில் மூக்கை முட்டிக்கொண்டு நிற்கிற காரைப் பின்னாலிருந்து நெல் ஏற்றிய லொறி இடித்தால் நடு எப்படித் தப்பும்? கல்லுக்கும் லொறிக்கும் நடுவில் அகப்பட்ட செசி அல்லவா? இடது முன்மூலைக்கும் வலது பின்மூலைக்கும் இடையில் அது நசிந்தே ஆக வேண்டும். நசியவில்லை. முன்முனை தனியாக வளைந்திருக்கிறது, பின்முனை தனியாக வளைந்திருக்கிறது, நடுவுக்கு ஒன்றுமே தெரியாது.

சரி, மதகில் மோதிய கார் துள்ளி விலகி நின்றிருக்கலாம், அதன் பிறகு லொறி இடித்திருக்கலாம் என்று எனக்கு நானே வாதாடினேன். மேசையில் ஒரு பசை டின்னை வைத்தேன், அதுதான் மதகுக் கல். ஒரு நெருப்புப்பெட்டியைக் காராக்கினேன். பெட்டியின் முன் இடது மூலையை டின்னில் மோத விட்டால், ஒவ்வொரு முறையும் பெட்டியின் வால் வலப்பக்கம் வீசி, பெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சரிந்து நின்றது. சரிந்து நிற்கிற பெட்டியைப் பின்னாலிருந்து வருகிற விரல் இடித்தால் விலாவில்தான் இடிக்கும். மாற்றி, நேராகப் போகிற பெட்டியின் பின் வலது மூலையை விரலால் தட்டினேன். பெட்டியின் மூக்கு இடப்பக்கம் திரும்பி, தானாகப் போய் டின்னில் முட்டியது. திரும்பச் செய்தேன். திரும்பவும் அப்படித்தான்.

என் மனைவி வந்து பார்த்துவிட்டு, "இந்த வயசில நெருப்புப்பெட்டிக் கார் ஓட்டுறீங்களாக்கும்" என்று சிரித்துக்கொண்டு போனாள். சிரிக்கட்டும் என்று பெட்டியையும் கொண்டு காரடிக்குப் போனேன்.

இனிப் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: பின்னடி விலாவிலிருந்து சரிந்து வந்ததா, நேர் பின்னாலிருந்து வந்ததா? இதைத் தகரத்தின் மடிப்புச் சொல்லும். வாவியில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறதோ, அலை அதற்குக் குறுக்கேதான் எழும்பும். தகரமும் அப்படித்தான், அடி வந்த திசைக்குக் குறுக்கேதான் மடியும். பெனியன் துணியைக் கையில் சுற்றிக் கண்ணை மூடித் தடவினேன். ஒன்றன்பின் ஒன்றாக மூன்று மடிப்பு. மூன்றும் காரின் அகலத்துக்குச் சமாந்தரமாக, அளவுகோல் வைத்துக் கீறியது போல. அடி நேர் பின்னாலிருந்துதான் வந்திருக்கிறது. லொறி இடித்தபோது கார் சரிந்து நிற்கவில்லை, ரோட்டில் நேராக இருந்திருக்கிறது. மதகில் மோதிய பிறகு எந்தக் காரும் நேராக நிற்காது.

ஈரத்துணியை எடுத்து என் இலக்கத்தைத் துடைத்தேன். பின்னால் ஒன்று, முன்னால் இரண்டு என்று எழுதினேன். வேலை பிடிபட்ட சந்தோசம் ஒரு பக்கம். நாற்பது வருடமாக ஒரு மனிதன் தலையில் கிடக்கிற பழியை நான் ஒரு சோக்குத் துண்டால் மாற்றி எழுதுகிறேனே என்ற பயம் மறுபக்கம்.

ஹாஜியாரை வரச்சொல்லி அனுப்பினேன். தரைப் புள்ளியையும் நூலையும் காட்டினேன், மடிப்பில் கையை வைத்துத் தடவ வைத்தேன், நெருப்புப்பெட்டியையும் ஓட்டிக் காட்டினேன். அவர் எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அப்ப நான் தூங்கல்லையா, பாஸ்?"

இந்தக் கேள்விக்கு ஓமென்று சொல்ல எனக்கு எவ்வளவு ஆசை! ஆனால் தெரியாததைச் சொன்னால் நானும் அந்த லொறிக்காரனும் ஒன்று.

"அது தகரத்துக்குத் தெரியாது, ஹாஜியார். லொறி இடிக்கக்குள்ள உங்கட கார் ரோட்டில நேரா இருந்திருக்கு. மதகில அடிச்சது அதுக்குப் பிறகுதான். அவ்வளவுதான் என்னால சொல்ல ஏலும்."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்தார், பிறகு எடுத்துப் போட்டுக்கொண்டார். "இதை சுபைதாட்ட செல்லிராதீங்க" என்றார். ஏன் என்று கேட்டேன். "இவ்வளவு காலத்துக்குப் பொறகு நான் தப்பிக்கப் பாக்கிறன் எண்டு நினைப்பா. வேணாம், பாஸ். என்னோட போகட்டும்."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

சுபைதா யாரென்று நௌசாத் பிறகு விரிவாகச் சொன்னார். கணவன் போகும்போது அவருக்கு மூன்று சின்னப் பிள்ளைகள், இரண்டு பெண், ஒரு ஆண். மூன்றையும் வளர்த்துப் படிப்பித்தவர் ஹாஜியார். எங்கள் பக்கம் பெண்பிள்ளைக்கு வீடில்லாமல் கலியாணம் இல்லை. ஹாஜியார் தன் சொந்த மகளுக்கு முன்னால் தங்கையின் இரண்டு மகள்மாருக்கும் வீடு கட்டினார். மகளின் கலியாணம் அதனால் தள்ளிப் போனது. சுபைதா சண்டை பிடித்ததும் இல்லை, சாபம் போட்டதும் இல்லை. நல்லது கெட்டதுக்குத் தமையன் வீட்டுக்கு வருவார், ஓரமாக இருப்பார், ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்துவிட்டு எழும்பிப் போவார். ஒருநாளும் அந்த வீட்டில் ஒரு பிடி சோறு தின்றதில்லை.

நான் வேலையைத் தொடங்கினேன். இலக்கப்படி முன்பக்கம்தான் முதலில், கடைசியாக விழுந்த அடி அதுதானே. வளவில் கொங்கிறீட் போட்டு நட்ட தண்டவாளத் துண்டு ஒன்று இருக்கிறது. செயினை அதில் மாட்டி, மறுமுனையைச் செசியில் பூட்டி, ஜக்கால் இழுத்தேன். இழுக்கிறபோது அவசரப்படக்கூடாது. கொஞ்சம் இழுத்து, மடிப்பைச் சுற்றி மெல்லத் தட்டி, செயினைத் தளர்த்திப் பார்க்க வேண்டும். தகரம் திரும்பிப் போனால் இன்னும் கொஞ்சம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது டிங்கர்காரனைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பார்கள். முன்பக்கம் தண்ணீர் போல வந்தது. இலக்கம் பிழையென்றால் அப்படி வந்தே இராது. மூட முடியாமல் கிடந்த இடது முன்கதவு பிடித்துத் தள்ளாமலே 'டக்' என்று மூடியது. அந்தச் சத்தத்தைக் கேட்கவே நான் இந்தத் தொழிலுக்குப் பிறந்தேன் என்று அப்போது தோன்றியது.

பின்பக்கம் மிச்சம். அதில் கை வைக்கவில்லை. தோள் நோகிறது என்று நௌசாத்துக்குச் சாட்டுச் சொன்னேன். நோவு பொய்யில்லை. ஆனால் அதை இழுத்துவிட்டால் மூன்று மடிப்பும் போய்விடும், பிறகு இந்த உலகத்தில் வேறு சாட்சி இல்லை. அதுதான் உண்மையான காரணம்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஹாஜியார் ஜும்ஆவுக்கென்று வேளைக்கே பள்ளிக்குப் போயிருந்த நேரம், நௌசாத் ஒரு ஓட்டோவில் மாமி சுபைதாவைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார். என்ன சொல்லிக் கூட்டி வந்தாரோ தெரியாது. ஹாஜியாருக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. வாங்க ராத்தா, இரிங்க என்றதோடு சரி.

அவர் இருக்கவில்லை. வெள்ளை முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு காரைச் சுற்றி நடந்தார். கணவன் கடைசியாக ஏறிய கார் அல்லவா? முன்னால் நின்றார். பின்னால் போய் நின்றார்.

"இந்த இலக்கம் என்னத்துக்கு?" என்று கேட்டார்.

அழித்திருக்கலாம்தான். வேலை முடியும்வரை அம்பை அழிக்கிற வழக்கம் எங்கள் கராஜில் இல்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னேன். "அடி விழுந்த ஒழுங்கு, ராத்தா. முதல் விழுந்தது ஒண்டு, மறுகா விழுந்தது ரெண்டு. எல்லா வாகனத்துக்கும் இப்படித்தான் போடுவம்."

அவர் முன்னால் போய் இரண்டைப் பார்த்தார். திரும்பிப் பின்னால் வந்து ஒன்றைப் பார்த்தார்.

"லொறிதான் முந்தி இடிச்சா?"

நான் நௌசாத்தைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்தார். ஓம் என்றேன். பிறகு என்ன, எல்லாம் சொன்னேன். ஹாஜியாருக்குச் சொன்ன அளவுக்குத்தான் சொன்னேன், ஒரு சொல் கூட்டவில்லை. தூங்கினாரா இல்லையா என்பது தகரத்துக்குத் தெரியாது என்பதையும் சொன்னேன்.

அவர் டிக்கி மூலையில் கையை வைத்து அந்த மூன்று மடிப்பையும் விரலால் தடவினார். பிறகுதான் கதிரையைத் தேடி இருந்தார். அழவில்லை. பேசியபோது என்னைப் பார்த்தும் பேசவில்லை, நௌசாத்தைப் பார்த்தும் பேசவில்லை.

"அவரு ஊடு கட்டித் தந்தாரு. புள்ளைகளைப் படிப்பிச்சாரு. எல்லாத்தையும் எனக்கு வரவேண்டியது வருது எண்டுதானே வாங்கின. ஒரு நல்ல சொல்லுச் செல்லல்லையே நான்."

மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைக் குடித்து முடித்தார். எழும்பும்போது அவர் காரின் பின்பக்கத்தைக் காட்டி, இதை என்ன செய்யப் போகிறேன் என்று கேட்டார். இரண்டு வழி இருக்கிறது என்றேன். இழுத்து எடுக்கலாம், எடுத்தால் இப்படி ஒன்று நடந்ததே ஒருவருக்கும் தெரியாது. அல்லது மடிப்பை அப்படியே விட்டு மேலே மை மட்டும் அடிக்கலாம், ஓட்டத்துக்கு அதனால் குறைவில்லை. நௌசாத் வாயைத் திறக்கப் போனார். மாமி கையைக் காட்டி நிறுத்தினார்.

"எடுங்க. கிடந்தா ஆக்கள் கேப்பாங்க. அவரு திரும்பத் திரும்பச் செல்லணும். நான் கண்டது போதும்."

பழைய அடியை எடுப்பதா விடுவதா என்று எத்தனையோ தரம் முடிவெடுத்தவன் நான். இந்தத் தரம் என்னைவிட நன்றாக முடிவெடுத்தவர் அவர். பின்பக்கத்தையும் இழுத்தேன். மடிப்பு ஒவ்வொன்றாக விரிந்து போகப் போக எனக்குத்தான் கொஞ்சம் கவலையாக இருந்தது. மெல்லிய ஈயப் பூச்சோடு முடிந்தது, மேலே கறுப்பு மை. வெள்ளை அடிக்கக் கேட்ட நௌசாத்தை ஹாஜியாரே மறித்துவிட்டார். எஞ்சினை நௌசாத் கூட்டிவந்த மெக்கானிக் ஒருவர் ஓடவைத்தார்.

காரை எடுக்க மூன்று பேரும் வந்தார்கள். தங்கையும் தமையனும் என்ன பேசிக்கொண்டார்கள், பேசினார்களா என்பதே எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. நௌசாத் ஸ்டியரிங்கில் ஏறினார். ஹாஜியார் வழக்கம்போல முன் சீற்றுக்குப் போகக் கதவைத் திறந்தார். சுபைதா பின்கதவைத் திறந்துகொண்டு, "இஞ்ச வாங்க" என்றார். அவர் போய்ப் பக்கத்தில் இருந்தார். நான் இரண்டு கதவையும் என் கையாலே மூடினேன். இரண்டும் 'டக்' என்றன. கார் புறப்பட்டுப் போனது.

பின்னேரம் நௌசாத் கைபேசியில் அழைத்தார். ஏதாவது கழன்றுவிட்டதோ என்று எனக்குப் பயம். அவர் குரலைத் தாழ்த்திப் பேசினார். கார் ஹாஜியார் வீட்டு வாசலில் நிற்கிறதாம், வந்து கனநேரமாம்.

"பாஸ், வாப்பா கார்ல நித்திரை. எனக்குப் புத்தி தெரிஞ்ச நாள்ள இரிந்து வாப்பா ஒரு வாகனத்திலயும் கண்ணை மூடினதை நான் காணல்ல. கொழும்புக்கு ராவு பஸ்ஸில போனாலும் முழிச்சுக்கிட்டே இரிப்பாரு."

எழுப்பினீங்களா என்று கேட்டேன்.

"மாமி உடுறா இல்ல. அவவும் இறங்கல்ல. அவரா எழும்பட்டும், எழும்பினதும் என்ட ஊட்ட சோறு தின்னப் போவம் எண்டு செல்லிட்டு, கதவைக்கூடத் திறக்காம பக்கத்திலயே இரிக்கா."